ஸ்ப்ளெண்டர் சைலன்சரை வீட்டிலேயே வெட்டி சவுண்டு கூட்டலாமா?

மேலக்கால்ரோடு_ரைடர்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சோழவந்தான். வண்டி ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2021 மாடல், பிஎஸ்6 புகை மாசு விதிப்படி வந்தது. மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தினமும் மேலக்கால் ரோட்டில்தான் போய் வருகிறேன். கடை மூடிக் கிளம்ப இரவு பத்து மணி தாண்டிவிடும்.

என் வண்டியில் சத்தமே இல்லை. கோச்சடை தாண்டிவிட்டால் ரோட்டில் வெளிச்சம் குறைவு. நான் பக்கத்தில் வருவது தெரியாமலேயே டிராக்டர்காரர்கள் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்கிறார்கள். சவுண்டு இருந்தால் கொஞ்சம் கவனிப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாளிகள் வண்டியெல்லாம் நல்ல சவுண்டு. வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் ஒன்றாக வண்டி எடுப்போம். அதில் என் வண்டி மட்டும் ஊமையாகப் போகிறது.

மாமா வீட்டில் கிரைண்டரும் சின்ன வெல்டிங் மிஷினும் இருக்கின்றன. சைலன்சரின் பின்மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் இருக்கும் குழாயை உருவி, உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு மறுபடி மூடி வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இன்னொரு வீடியோவில், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் மூன்று ஓட்டை போட்டால் போதும் என்கிறார்கள். எதைச் செய்தால் புல்லட் மாதிரி கனமான பேஸ் சத்தம் வரும்? மைலேஜ் குறையுமா? இன்ஜின் லைட் எரியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரப்பாளையம்_பைக்கர்

நண்பா, ரொம்ப யோசிக்க வேண்டாம். பின்மூடியை எடுத்துவிட்டாலே சவுண்டு அள்ளும். என் பழைய வண்டியில் அப்படித்தான் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அது கார்ப்பரேட்டர் வண்டி. பிஎஸ்6 பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பெண்ட் பைப்பில் மட்டும் ஓட்டை போடாதே, கால் வெந்துவிடும்.

பழங்காநத்தம்_பட்டறை

தம்பி, பழங்காநத்தத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்டு, கிரில் வேலைதான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாரம் தவறாமல் யாராவது சைலன்சரைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாதிப் பேர் சத்தம் கூட்டச் சொல்கிறார்கள். மீதிப் பேர் முன்பே வெட்டியதை மூடித் தரச் சொல்கிறார்கள். மூடுகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெட்டச் சொல்லி வருகிறவர்களிடம் என்ன சொல்கிறேனோ, அதையே உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் அந்த பேஸ் விஷயம். புல்லட் சத்தம் சைலன்சரில் பிறப்பதில்லை. புல்லட் கம்பெனியின் பழைய கிளாசிக் இன்ஜின் 346 சிசி, ஒரே சிலிண்டர், பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 சுற்று. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் புகை வெளியே அடிக்கும். அப்படியென்றால் வினாடிக்கு எட்டு அடிதான். அந்த எட்டையும் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது. ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி, ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர். ஒவ்வோர் அடியிலும் வெளியேறும் புகை புல்லட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஐடிலும் வேகம். ரோட்டில் 6000 சுற்றில் போகும்போது வினாடிக்கு ஐம்பது அடி. ஐம்பதும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இழுப்பாகத்தான் கேட்கும். எந்த ஓட்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இப்போது வெட்டினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். வெட்டிய சைலன்சரை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். டப்பாவை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே இரண்டு மூன்று அறைகள் இருக்கும். அறைகளுக்கு நடுவே மெல்லிய தகடு. தகட்டைத் துளைத்துக்கொண்டு சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போகும். புகை நேராக வெளியே போகாது. ஓர் அறைக்குள் போய்த் திரும்பி, அடுத்ததுக்குள் போய்த் திரும்பி வரும். எல்லாவற்றின் மேலும் கரி படிந்திருக்கும், தொட்டால் ஈரமாக இருக்கும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் காயாமல் அடியில் தங்கிவிடும்.

இந்த அறைகள் முதலில் விழுங்குவது கீச்சுச் சத்தத்தை. கனமான சத்தத்தை அடக்குவதுதான் கஷ்டம், அதில் கொஞ்சம் எப்படியும் வெளியே வந்துவிடும். அதனால்தான் கம்பெனி சைலன்சரில் சத்தம் குறைவாக இருந்தாலும் கேட்க இதமாக இருக்கிறது. நீங்கள் தகட்டைக் குத்தி எடுத்தால் திரும்பி வருவது அந்தக் கீச்சுதான். வெட்டின ஸ்ப்ளெண்டர் எல்லாம் எப்படிக் கத்துகிறது என்று மாட்டுத்தாவணிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். கிழிந்த தகரச் சத்தம். பேஸ் வேண்டும் என்று வெட்டுகிறார்கள், இருந்த கொஞ்சநஞ்ச பேஸும் கீச்சில் அமுங்கிவிடுகிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, இது நான் நினைத்த சத்தம் இல்லையே" என்பார்கள்.

"பேக் பிரஷர் இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அடைப்பு இருந்தால்தான் இன்ஜின் இழுக்கும் என்பது சரியில்லை. ஒரு தடவை வெளியே போன அழுத்த அலை குழாயின் முனையில் பட்டுத் திரும்பி வரும். அது எந்த நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்கிறது என்பதை வைத்து அடுத்த புகை இழுபட்டுப் போகும், அல்லது தடைபடும். குழாயின் நீளம், அறையின் அளவு எல்லாம் அதற்காகத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள். எட்டுக் குதிரைத்திறன் இன்ஜினில் கீழ் வேகத்து இழுவையில் கொஞ்சம் குறைந்தாலும் உடனே தெரியும். மேலக்கால் ரோட்டில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மூன்றாவது கியரில் ஏற்றும்போது தெரிந்துவிடும்.

உங்கள் வண்டி பிஎஸ்6. இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டிகளில் புகை போகும் வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். தேனடை மாதிரி மெல்லிய கண்கள், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் அதுதான் மாற்றி அனுப்புகிறது. உள்ளே எது தடுப்புத் தகடு, எது கன்வெர்ட்டர் என்று வெளியிலிருந்து தெரியாது. வீடியோவைப் பார்த்துக் கம்பியை விட்டுக் குத்துகிறவர் தேனடையையும் சேர்த்து நசுக்கிவிடுவார். நசுங்கிய துண்டு குழாய் வாயில் போய் அடைத்தால் வண்டி 40க்கு மேல் ஏறாது. அப்படி வந்த ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்தேன், தூள் தூளாக உள்ளே கிடந்தது. முழு சைலன்சரையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. கன்வெர்ட்டர் உள்ள சைலன்சர் என்ன விலை என்று ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் கிரைண்டரைக் கையில் எடுங்கள்.

பெண்ட் பைப் ஓட்டை அதைவிட மோசம். இன்ஜினுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. புகை அடி அடியாக வருவதால் ஒவ்வோர் அடிக்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அப்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சாருக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தெரியும். பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ, அதாவது பெட்ரோல் அளவைப் பார்க்கும் சின்னக் கம்ப்யூட்டர், நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றும். பிளக் கறுத்துவிடும், மைலேஜ் இறங்கும், சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால் இன்ஜின் லைட் எரியும். ஆரப்பாளையத்துத் தம்பியின் கார்ப்பரேட்டர் வண்டியில் சென்சார் இல்லை, அதனால் லைட் எரியாது. அங்கே நடப்பது வேறு. புகை சுலபமாகப் போவதால் கலவையில் பெட்ரோல் குறையும், பிளக் முனை வெள்ளையாகும், ஆக்சிலேட்டரை விட்டதும் டப் டப் என்று வெடிக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவை வைக்கும் மெயின் ஜெட்டை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் சூடு கூடும். ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம், ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் வெல்டு அடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சைலன்சர் மேல் இருக்கும் பளபளப்பு குரோமியப் பூச்சு. அதைக் கிரைண்டரில் தேய்த்தாலோ அதன் மேல் ராடு வைத்தாலோ வரும் புகை நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. வண்டியிலேயே வைத்து வெல்டு அடித்தால் ஈசியூவும் போகலாம். மூடிய ஷெட்டுக்குள் சத்தத்தைச் சோதிக்க வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நிற்கவே கூடாது, மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

டிராக்டர் விஷயம் நியாயமான கவலை, அதை விட்டுவிட மனமில்லை. ஆனால் சைலன்சர் வாய் பார்ப்பது பின்பக்கம். உங்களுக்கு முன்னால் போகும் டிராக்டர்காரருக்கு அவருடைய இன்ஜின் சத்தமே காதை அடைக்கும். உங்கள் சத்தம் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் ரோட்டோர வீடுகளுக்கும்தான் போகிறது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது டூவீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வைத்ததே எதிரில் வருகிறவர் கண்ணில் படத்தான். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஹெட்லைட் கண்ணாடியைத் துடையுங்கள், டிராக்டரைத் தாண்டும் முன் ஹாரனும் டிம்மும் அடியுங்கள். டிரெய்லரில் வைக்கோல் ஏற்றியிருந்தால் அவருக்குக் கண்ணாடியில் எதுவுமே தெரியாது, அவர் முழுதாக ஒதுங்கும் வரை பின்னாலேயே நில்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. 80 சிசிக்கு மேல் 175 சிசி வரை உள்ள வண்டிக்குச் சத்தம் 77 டெசிபல்தான், அதுவும் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதற்கு 182ஏ பிரிவு தனி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது வெட்டிய சைலன்சரைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

ஒன்று பாருங்கள். 2021 வண்டி, தினமும் இவ்வளவு தூரம் ஓடுகிறது. சத்தம் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்தாலே வித்தியாசம் தெரியும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத் துணியைச் சைலன்சர் வாயில் இரண்டு நொடி அழுத்துங்கள். இன்ஜின் தலையருகே உஸ் என்று கேட்டால், பெண்ட் பைப் இன்ஜினில் சேரும் இடத்தை அடைக்கும் வளையம், அதாவது கேஸ்கட், போயிருக்கிறது. அங்கே கறுப்பாகக் கரி கோடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவுப்பணி

கோரிப்பாளையம் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பைக் பற்றி எதுவும் தெரியாது. கேள்வியில் இரவு பத்து மணிக்கு மேல் என்று படித்ததால் எழுதுகிறேன்.

இரவு வார்டில் விளக்கைக் குறைத்த பிறகு, வலி ஊசி போட்டும் தூங்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தவர் மெல்லக் கண் அயர்வார். அந்த நேரத்தில் பாலத்துப் பக்கம் ஒரு வண்டி வெடித்துக்கொண்டு போகும். அவர் முழித்துவிட்டால் மறுபடி தூங்க வைக்க எங்களால் ஆகாது, அடுத்த ஊசிக்கு நேரம் ஆக வேண்டும். பிறந்த குழந்தைகள் இருக்கும் இடத்தில் பார்த்தால் அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொன்றும் இரண்டு கையையும் விரித்து உதறும். ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பதும் அழும். தாய்மார்கள் எழுந்து உட்காருவார்கள்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி அங்கே இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 40 டெசிபல்தான். குடியிருப்புப் பகுதிக்கே இரவில் 45.

ஓட்டுகிறவர் காதுக்கும் சொல்ல வேண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பார்கள். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. வேலைக்குப் போக வர, தினமும் இரண்டு வேளை. காது போவது ஒரே நாளில் தெரியாது. கீச்சு சத்தங்கள்தான் முதலில் மறையும். ஃபோனில் பேசுகிறவர் சொல்வது பாதி புரியாது. போன காது திரும்ப வராது, தம்பி. வெட்டாதீர்கள்.

ஆர்எக்ஸ்_மேலூர்

பட்டறைக்காரர் சொன்னது நாலு ஸ்ட்ரோக்குக்கு. சிலர் இதைப் படித்துவிட்டு இரண்டு ஸ்ட்ரோக் வண்டியான பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-ல் கை வைப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். இரண்டு ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறு பெருத்து மறுபடி சுருங்குவதே இன்ஜினின் ஒரு பாகம். வெளியே தப்பப் போன பெட்ரோல் கலவையைத் திரும்பி வரும் அலை சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்த வடிவத்தை வெட்டினால் 98 சிசியில் வரும் 11 குதிரைத்திறன் குறைந்துவிடும், சத்தம் மட்டும் மிஞ்சும்.

பழைய ஆர்எக்ஸில் சத்தம் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் எண்ணெய்க் கரிதான் காரணம். பின்னால் இருக்கும் ஒரே திருகைக் கழற்றினால் சத்தத்தை அடக்கும் பஃபிள் குழாய் உருவி வந்துவிடும். கரியைச் சுரண்டி, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்து, நன்றாக அலசி மறுபடி மாட்டுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அலுமினியத்தை அரித்து எரியும் வாயுவைக் கிளப்பும். பஃபிளை மாட்டாமல் ஓட்டாதீர்கள். கரி போனதும் அந்தப் பழைய "டிங் டிங்" தானாக வரும். எனக்கு அதைவிட நல்ல சத்தம் உலகத்திலேயே இல்லை.

மேலக்கால்ரோடு_ரைடர்

அண்ணே, ரொம்ப நன்றி. அக்கா, உங்களுக்கும். நான் கோரிப்பாளையம் வழியாகப் போவதில்லை, ஆனால் எங்கள் தெருவிலும் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

காலையில் துணி வைத்துப் பார்த்தேன். தலைப் பக்கம் உஸ் என்று கேட்கிறது. பெண்ட் பைப் சேரும் இடத்தில் கறுப்புக் கோடும் இருக்கிறது, கையில் கரி ஒட்டுகிறது. கேஸ்கட்டை நானே மாற்றலாமா? அப்புறம், டிபி கில்லர் வைத்த ரெடிமேடு சைலன்சர் வாங்கி மாட்டினால் சரியாக இருக்குமா? ஒரு கூட்டாளி அதைத்தான் சொல்கிறான்.

பழங்காநத்தம்_பட்டறை

ரெடிமேடு சைலன்சரில் உங்கள் மாடலுக்கு அனுமதி வாங்கியது என்று காகிதத்தோடு கொடுத்தால் பேசலாம். பிஎஸ்6 ஸ்ப்ளெண்டருக்கு என்று விற்கும் பலதில் கன்வெர்ட்டரே இருக்காது. டிபி கில்லர் என்பது வாயில் சொருகிய ஒரு சின்ன ஓட்டைக் குழாய், ஒரே ஒரு திருகுதான் பிடித்திருக்கும். வாங்கின வாரத்திலேயே எல்லோரும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்துக்குப் பின் டயரை மாற்றுங்கள், இரவு ரோட்டுக்கு அது உதவும்.

கேஸ்கட் நீங்களே மாற்றலாம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு செய்யுங்கள், சூட்டில் நட்டைத் தொடவே வேண்டாம். தலையில் இருக்கும் இரண்டு நட்டுக்கும் முந்தின நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஆக்சிஜன் சென்சார் வயர் இழுபடாமல் முதலில் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். பின்பக்க போல்டைத் தளர்த்தி, சைலன்சரைக் கீழே ஒரு கட்டை கொடுத்துத் தாங்கிக்கொண்டு அப்புறம் நட்டைக் கழற்றுங்கள். பழைய வளையம் ஓட்டைக்குள்ளேயே ஒட்டியிருக்கும், அதைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி முழுதாக எடுக்க வேண்டும். அதன் மேலேயே புதுசை வைத்து இறுக்குகிறார்கள், அப்படிச் செய்தால் மறுபடி ஒழுகும். புது வளையத்தை ஒரிஜினலாகவே வாங்குங்கள், விலை ரொம்பக் குறைவுதான்.

மாட்டும்போது இரண்டு நட்டையும் முதலில் கையால் சுற்றி, பின்பக்க போல்டையும் தளர்வாகப் போட்டு, அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். பின்பக்கத்தைக் கடைசியில் இறுக்குங்கள். ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்து, ஆறிய பிறகு மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும். பலம் கொண்டு இறுக்கினால் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைக் கம்பி, முறியும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றுவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வண்டியை அப்படியே பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், முறியாமல் எடுத்துத் தருகிறேன். ஞாயிறு லீவு.